வியாழக்கிழமைக் கூட்டம்

"அந்த சில்வி வீட்டு அடுப்புல மண்ணு விழ!"

வேலை முடிந்து வந்த ஃபெத்தி சட்டையைக் கழற்றி எறிந்தான். காலரில் எச்சில் காய்ந்திருந்தது.

"ஐயோ, யாரு துப்பினது?" மனைவி சலுவா பதறினாள்.

"கூட வேலை பார்க்கிற லொத்ஃபிதான். அவனைச் சொல்லி என்ன? இன்னிக்கும் வேலை இல்லைன்னு அவனை கேட்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. எனக்கு மட்டும் தினமும் வேலை வருது. நான் முதலாளிக்கு உளவு சொல்றேனாம்!"

துனிஸ் துறைமுகத்தை ஒட்டிய அந்தச் சரக்குக் கிடங்கில், 'உங்களுக்கு வசதியான நேரத்தில் வேலை' என்று சொல்லித்தான் எல்லோரையும் சேர்த்தார்கள். யாருக்கு வசதி என்பது போகப் போகத்தான் தெரிந்தது. மதாம் சில்வியின் செய்தி போனில் வந்தால் வேலை உண்டு, வராவிட்டால் இல்லை. எங்கேயோ உட்கார்ந்து செய்தி அனுப்பும் அந்த சில்வியைக் கிடங்கில் ஒருவரும் பார்த்ததில்லை.

"வேலை கிடைக்குதேன்னு சந்தோஷப்படு" என்று சலுவா லப்லாபிக் கிண்ணத்தை அவன் முன் வைத்தாள். கொண்டைக்கடலைச் சூப்பில் ஆவி பறந்தது.

அவளுக்கும் ஒரு வேலை உண்டு, வீட்டிலிருந்தேதான். மகள் ரிம் கைக்குழந்தை. படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பிரான்ஸில் துணி வாங்குகிறவர்களுக்குப் போனில் பதில் சொல்வதாக அவள் சொல்லியிருந்தாள்.

"எப்படிச் சந்தோஷப்படறது? லொத்ஃபி பொண்டாட்டி பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. என்னிக்கு வேலை, என்னிக்குச் சோறுன்னு தெரியாத வீட்ல எவ இருப்பா?" ஃபெத்தி ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் போட்டான். "சங்கம் வைக்கப் போறோம். வியாழக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம். பாதிப் பேராவது வந்து கையெழுத்துப் போட்டாத்தான் செல்லுமாம்."

"நீ போகாத."

"ஏன்?"

"தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிடுவாங்க. மத்தவங்க பார்த்துக்கட்டும், ஃபெத்தி. உன் கால்ல வேணா விழறேன்."

"யாருக்குத் தெரியப் போகுது?" அவன் அவளையே பார்த்தான். "அந்த சில்விக்கும் புருஷன், பிள்ளை இருக்கும்ல?"

"எனக்கென்ன தெரியும்!" குழந்தை அழுவதாகச் சொல்லி அவள் எழுந்து போனாள். குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் புதன்கிழமை. சாயங்காலம் ஃபெத்தியின் போன் ஒலித்தது. அவன் வாய்விட்டுப் படித்தான்.

'நாளை மூன்று மணி முதல் ஆறு மணி வரை அனைவருக்கும் வேலை. வராதவர்கள் பெயர் நீக்கப்படும். மதாம் சில்வி.'

சலுவா பெருமூச்சு விட்டாள். "நல்லதாப் போச்சு. எல்லாரும் வேலைக்குப் போங்க. கூட்டத்தை வேற நாள் வச்சுக்கலாம்."

"வச்சாச்சு."

"என்னது?"

"இன்னிக்குக் காலையில, வேலைக்கு முன்னாடியே கூட்டம் முடிஞ்சிடுச்சு. நூத்தி இருபது பேர்ல எழுபது பேர் கையெழுத்துப் போட்டாங்க." அவன் குரலில் கோபம்கூட இல்லை. "வியாழக்கிழமை நாலு மணின்னு நான் சொன்னது ஒரே ஒருத்தர்கிட்ட."

சலுவா தன் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"போன வாரம் லொத்ஃபி அந்த சில்விகூடப் போன்ல சண்டை போட்டப்ப, பக்கத்துல நின்னு கேட்டேன். பிரெஞ்சு பேசினா மட்டும் குரல் மாறிடுமா? அது நீயா இருக்காதுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இன்னும் யார்கிட்டயும் சொல்லல."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நாளாவது உன் பேரை நான் வெட்டினேனா, ஃபெத்தி?"