ராக்கெட்டின் மூக்கு

"மூக்கு லொடலொடன்னு ஆடுதும்மா. டேப் சுத்துனா நின்னுடும்" என்றார் அய்யாவு.

குளோரியா தலையாட்டினாள். லிங்கராஜபுரம் வீட்டு ஹாலில், மாலை போட்ட டெரிக்கின் படத்துக்குக் கீழே கிடந்தது அவன் ஆசையாகச் செய்த ஆறடி ராக்கெட். அவள் புருஷனைக் கொன்ற அதே ராக்கெட்.

2003 மார்ச்சில் ஆனேக்கல் பக்கம் காய்ந்துபோன ஏரியில் டெரிக்கும் அய்யாவும் அதை விட்டார்கள். மேலே போனதும் மூக்கு தெறித்துப் பாராசூட் விரிய வேண்டும். மூக்கு ஆடாமலிருக்க அதன் அடியில் சுற்றிய டேப் ரொம்ப இறுக்கம். தெறிக்கவில்லை. வந்த வேகத்தில் டெரிக்கின் தலையில் இறங்கிவிட்டது.

டேப் சுற்றியது டெரிக்தான் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. கூட இருந்த அய்யாவு அழுதுகொண்டே சொன்னதும் அதைத்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான் என்று சர்ச் வாசலில் பேசினார்கள். குளோரியாவுக்கு சாவைவிட அந்தப் பேச்சுதான் ஆறவில்லை.

"ஒரே ஒரு தடவை ஒழுங்கா பறக்க விடணும்ண்ணா. அவரு பேருக்காக" என்று கேட்டாள். அய்யாவு மறுக்கவில்லை. பீன்யாவில் டெரிக்கோடு ஒரே ஃபேக்டரி, இவர் பேக்கிங் செக்‌ஷன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து உட்கார்ந்தார். உடைந்த இறக்கைகளுக்குப் பதில் ஃபைபர் இறக்கை வைத்தார், உடம்பை ஒரு சாண் நீட்டினார், பாராசூட்டைப் பெரிதாக்கினார். கூடப் பிறந்தவன்கூட இப்படி வந்து நிற்க மாட்டான்.

மூக்கு மட்டும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. "பழசு இருந்தா அளவு பாத்துக்கலாம்" என்று முதல் நாளே கேட்டார். "ஏரியிலயே போயிடுச்சு போலண்ணா" என்று சொல்லிவிட்டாள்.

இப்போது அய்யாவு புது மூக்கின் அடியில் நிதானமாகச் சுற்றினார். டேப்பைக் கிழித்து, நுனியைச் சின்னதாக மடித்து ஒட்டினார்.

"எதுக்குண்ணா மடிக்கிறீங்க?"

"பேக்கிங்ல வந்த பழக்கம்மா. திரும்ப உரிக்கிறப்போ நகத்தால சொரண்டிக்கிட்டு இருக்க வேணாம் பாரு."

மூக்கைச் செருகி, தலைகீழாக ஆட்டிக் காட்டினார். நழுவவில்லை. மெல்ல இழுத்ததும் கையோடு வந்தது.

"அன்னைக்கும் இப்படி இருந்திருந்தா டெரிக் இன்னைக்கு நம்மகூட உக்காந்திருப்பான்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குளோரியாவுக்கும் அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பீரோவிலிருந்து துணி மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன்னால் பிரித்தாள். நசுங்கிப்போன பழைய மூக்கு. டேப் அப்படியே இருந்தது. அதன் நுனி சின்னதாக மடித்து ஒட்டப்பட்டிருந்தது.

அய்யாவு தன் கட்டைவிரலால் புது மூக்கின் மடிப்பை மூடினார்.

சமையலறை மேடையில் கிடந்த, நுனி தெரியாமல் ஒட்டிப்போன டெரிக்கின் பழைய டேப் உருளையை எடுத்துவந்து, இரண்டு மூக்குக்கும் நடுவில் வைத்தாள் குளோரியா.

"டெரிக் கை வச்ச டேப்ல எல்லாம், நான் இன்னும் நுனி தேடிக்கிட்டுதான் இருக்கேண்ணா."