புல் முடிச்சு

பாதையோரத்தில் யானைப்புல்லின் இரண்டு தாள்கள் ஒன்றாக முடியப்பட்டிருந்ததைப் பார்த்ததும் மங்க்ரி நின்றுவிட்டாள்.

அவளுக்கு முன்னால், காட்டைச் சுற்றிப் பார்க்கக் காட்மாண்டுவிலிருந்து வந்த கணவனும் மனைவியும் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் முன்னால், கையில் தடியோடு, மூத்த வழிகாட்டி லௌட்டன். கடைசியாக வருகிறவள் பின்பக்கம் பார்த்துக்கொள்ள வேண்டும். மங்க்ரி இந்த வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

முடிச்சை அவர்கள் யாரும் கவனிக்கவில்லை. கவனித்தாலும் தெரியாது. அது பெண்கள் போடுவது.

கீரை பறிக்கத் திருட்டுத்தனமாகச் சரணாலயக் காட்டுக்குள் இறங்குகிறவள், இறங்கும் இடத்தில் புல்லை முடிந்துவிட்டுப் போவாள். வெளியே வரும்போது அவிழ்த்துவிடுவாள். முடிச்சு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. இப்படி இடது பக்கம் சாய்த்து, இரண்டு சுற்று சுற்றி முடிகிறவள் ஊரிலேயே ஒருத்திதான். மங்க்ரியின் அண்ணி பூல்மதி.

நேற்று மாலை ஊர்க்காரர்களின் குச்சியாட்டம் முடிந்து, இந்த விருந்தாளிகள் பூல்மதி வீட்டில்தான் சாப்பிட்டார்கள். காட்டில் பறித்த, சுருள் சுருளாக இருக்கும் நியூரோ கீரையை இரண்டாம் தடவை கேட்டு வாங்கி, நாளைக்கும் கிடைக்குமா என்று அந்த அம்மாள் கேட்டாள். பூல்மதி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

அப்படியானால் வந்திருக்கிறாள்.

புல் அசைந்தது. முடிச்சுக்கு அந்தப் பக்கம், இரண்டு கை தூரத்தில்.

அதே நேரம் பாதையின் வளைவுக்கு அப்பால் பூட்ஸ் சத்தம் கேட்டது. காட்டைக் காவல் காக்கும் ரோந்துப் பட்டாளத்தார்.

போன வருஷம் இதே கீரைக்காகப் பிடிபட்டவள், பால்குடி மாறாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே சிறைக்குப் போனாள். பூல்மதிக்கும் வீட்டில் இரண்டு வயதுப் பெண் இருக்கிறாள்.

மங்க்ரி ஷூ கயிற்றைக் கட்டுவதுபோலக் குனிந்தாள். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். நுனி காய்ந்து இறுகிக்கிடந்தது, அவிழவில்லை.

புல்லுக்குள்ளிருந்து சோற்று வாசனை வந்தது. அப்போதுதான் வெந்த சோறு. கட்டுச்சோறு வேறு கொண்டுவந்திருக்கிறாளா, பாவி!

மங்க்ரி கையைப் புல்லுக்குள் விட்டாள். தோள்வரைக்கும் விட்டாள். முகத்தைப் புல்லோடு வைத்துக் கிசுகிசுத்தாள்.

"அண்ணி, படுத்துக்கோ. பட்டாளத்தான் வர்றான். நான் சொல்ற வரைக்கும் அசையாதே."

ஒரு கணம் ஒன்றுமில்லை.

பிறகு உள்ளே புல் மெதுவாகத் தாழ்ந்தது. மூச்சுச் சத்தம்கூட நின்றுபோயிற்று.

அவள் நிமிர்வதற்கும் மூன்று சிப்பாய்கள் எதிரே வருவதற்கும் சரியாக இருந்தது. முதலில் வந்தவனின் கண் புல்லின் மேலேயே இருந்தது. அவன் ஒரு அடி அந்தப் பக்கம் வைத்தான்.

"காண்டாமிருகம்!" மங்க்ரியின் குரல் கீச்சென்று வந்தது. "குட்டியோட நிக்குது. கிட்டப் போகாதீங்க சார்."

புலி என்று சொல்லியிருந்தால் விருந்தாளிகள் கேமராவைத் தூக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். குட்டி போட்ட காண்டாமிருகம் என்றால் யாரும் நிற்க மாட்டார்கள். அந்த அம்மாள் கணவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சிப்பாய்கள் வந்த வழியே திரும்பினார்கள். லௌட்டன் எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டு, மண்ணைப் பார்த்தான். பிறகு மங்க்ரியைப் பார்த்தான்.

"கால்தடமே இல்லாம நடக்குற காண்டாமிருகம். நல்லா இருக்கும்மா உன் கண்ணு."

அவள் விருந்தாளிகளின் பின்னால் வேகமாக நடந்தாள். முதுகு முழுக்க வியர்த்திருந்தது. ராப்தி ஆற்றில் படகேறும்வரை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் யாராவது அவள் பார்க்கும் திசையில் பார்த்துவிடுவார்கள்.

விடுதி வாசலுக்கு வந்ததும் அந்த அம்மாளின் கணவன் சலித்துக்கொண்டான். "மூணு நாள் அலைஞ்சாச்சு. புலியோட வாலைக்கூடப் பாக்கல!"

மங்க்ரி அண்ணி வீட்டுக்கு ஓடினாள்.

பூல்மதி அடுப்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. மங்க்ரி சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பயம் போன இடத்தில் கோபம் வந்தது.

"உனக்கு அறிவிருக்கா அண்ணி? இன்னும் ரெண்டு எட்டு வெச்சிருந்தா அந்தச் சிப்பாய் உன்னை மிதிச்சிருப்பான்!"

"எந்தச் சிப்பாய்?"

"விளையாடாதே. உன் முடிச்சைப் பாத்தேன்."

"ஐயோ, அது நேத்து போட்டதுடி." பூல்மதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஆத்துப் பக்கமா வெளிய வந்துட்டேன், அவுக்க மறந்துபோச்சு. இன்னிக்கு எங்க போறது? விடிஞ்சதுலேர்ந்து இவளுக்குக் காய்ச்சல். இறக்கி வெச்சா அழறா. வாசலைத் தாண்டல நான்."

மங்க்ரி குனிந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள். சுட்டது.

"ஏன் இப்படி வெளுத்துப்போயிட்ட? காலைலேர்ந்து சாப்பிடலையா? உக்காரு."

பூல்மதி பானையின் மூடியைத் தூக்கினாள். ஆவி எழுந்து மங்க்ரியின் முகத்தில் அடித்தது. வெந்த சோற்றின் வாசனை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் லௌட்டன் ஒரு புதரை முகர்ந்து பார்க்கச் சொன்னான். காட்டுக்குள்ளே யார் சோறு வடித்தது என்று எல்லோரும் சிரித்தார்கள். லௌட்டன் சிரிக்கவில்லை. புலி தன் எல்லையைக் காட்ட மூத்திரம் அடித்துவிட்டுப் போன புதர் அது.

மங்க்ரி தன் வலது கையைப் பார்த்தாள். தோளிலிருந்து விரல்வரை, அது இன்னும் அங்கே இருக்கிறதா என்பதுபோல.

படுத்துக்கோ என்று சொல்லியிருந்தாள்.

அது படுத்துக்கொண்டது.