பட்டறைக்காரரின் கடிதம்

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு வட்ட மேசையில் கோடு கோடாக விழுகிறது. சப்ளை செயின் வகுப்பில் ஐந்து பேர் கொண்ட குழுவொன்று, பாட்டில் மூடிகளைத் தாமதமாக அனுப்பிய சின்னப் பட்டறையைக் கம்பெனி வைத்துக்கொள்வதா, விலக்குவதா என்று அலசுகிறது. நிஜச் சம்பவத்தை வைத்துப் பாடத்துக்காகத் தயாரித்த அந்தக் கேஸின் கடைசிப் பக்கத்தில் பட்டறைக்காரரின் கடிதம் இருக்கிறது, பெயர் மட்டும் கறுப்பு மையால் அடிக்கப்பட்டு. குழுவில் கண்ணாடி போட்ட ஒருவன் அதை மூக்கால் அழுதபடி வாசிக்கிறான்: "ஐயா, மெஷின் சரியாகிவிட்டது. ஒரே ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்." மேசையே குலுங்கிச் சிரிக்கிறது. "ஒப்பாரி வச்சா மூடி வந்துடுமாடா?" என்கிறாள் பக்கத்தில் இருப்பவள். குழுத் தலைவி மட்டும் சிரிக்காமல் பேனா மூடியைக் கழற்றுகிறாள், மாட்டுகிறாள். போன வருஷம் அப்பா சொல்லச் சொல்ல அந்தக் கடிதத்தை டைப் அடித்தவள் அவள்தான். பேராசிரியை வந்து நிற்கிறார். "நேரமாச்சு. முடிவு என்ன?"

"விலக்கிடலாம் மேடம்," என்கிறாள் தலைவி.

"காரணம்?"

"மெஷின் சரியாகல. அவர் பொய் சொல்றார்."

"அது கேஸ்ல இல்லையேம்மா?"

"படிச்சாலே தெரியுது மேடம்."

"சபாஷ்! கம்பெனியும் அதைத்தான் கண்டுபிடிச்சுது. முழு மார்க்." மேசை கைதட்டுகிறது. கண்ணாடிக்காரன் மறுபடியும் அவள் அப்பாவாகி அழுகிறான். இந்தத் தடவை அவளும் சிரிக்கிறாள்.