மாஸ்டருக்குக் கொழுப்பு

“கோழித் தோலை உரிச்சியா?”

“உரிச்சேன்.”

“எண்ணெய்? ஸ்பூன்ல அளந்து ஊத்தினியா, பாட்டிலோட கவுத்தியா?”

“ஒரே ஒரு ஸ்பூன். வேணும்னா அதையும் வழிச்சுத் திரும்பப் பாட்டில்ல ஊத்திடட்டுமா?”

மனைவி தட்டை மேஜையில் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, போட்டாள். மாஸ்டர் அதைக் கண்டுகொள்ளாமல் கோழித் துண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

அவர் பேக்கரி மாஸ்டர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வெண்ணெயோடு குடித்தனம் நடத்தியவர். கேக்குக்கு அடிக்கும் கிரீமை நாக்கில் வைத்துப் பார்க்காமல் பதம் சொல்ல மாட்டார். தொட்டுத் தொட்டே வளர்த்த தொந்தி அது. இப்போதும் நாக்கில் வைக்கிறார். ஆனால் உடனே தொட்டியில் துப்பிவிட்டு வாய் கொப்பளிக்கிறார். ‘மாஸ்டருக்கு மசக்கை’ என்று கடையில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

“இது மட்டும் தின்னா எப்படி? ரெண்டு பிஸ்கட்டாவது சாப்பிடுங்க. அதுல எண்ணெயே இல்லை.”

“அதைச் செய்யறவன்கிட்டயே சொல்றியா? கையில ஒட்டலைன்னா கொழுப்பு இல்லைன்னு அர்த்தமா? மாவுக்குப் பாதி வெண்ணெய் போட்டுப் பிசையறவன் நான். கண்ணுக்குத் தெரியற கொழுப்பு யோக்கியன், ஒதுக்கி வெச்சிடலாம். தெரியாம இருக்கிறதுதான் ஆளைக் கவுக்கும்.”

“கொழுப்பு கம்மின்னு அட்டையிலயே போட்டு விக்கறாங்களே, அது?”

“ருசி போயிடும்னு அதுல சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருப்பாங்க. அதுவும் உள்ள போய்க் கொழுப்பாத்தான் உக்காரும். அதுக்காக ஒரேயடியா கொழுப்பே ஆகாதுன்னும் இல்லை. மீன்ல இருக்கு, கடலையில இருக்கு. அதெல்லாம் வேணும், அளவா.”

“நல்லாத்தான் பாடம் படிச்சிருக்கீங்க.” அவள் குரல் உடைந்தது. “இதுல பாதி அக்கறையோட, என் தம்பி எப்படி இருக்கான்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?”

மாஸ்டர் வாயில் இருந்ததை மென்றுகொண்டே இருந்தார்.

அவளுடைய தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஈரல் கெட்டு, கண்ணெல்லாம் மஞ்சளாகி, எலும்பும் தோலுமாகிவிட்டான். யாராவது தன் ஈரலில் ஒரு பாதியைக் கொடுத்தால்தான் பிழைப்பான். கொடுக்கிறேன் என்று முதலில் போய் நின்றவள் இவள்தான். ரத்தம் சேரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். கூடப் பிறந்து என்ன பிரயோஜனம் என்று அன்று முழுக்க அழுதாள்.

தம்பிக்கும் மாஸ்டருக்கும் பேச்சு நின்று வெகுநாளாகிறது. எல்லாம் ஒரு வார்த்தையால் வந்தது. அவன் கட்டிய புது வீட்டில் விருந்து. சாப்பிட்டு முடித்த மாஸ்டர் சும்மா இருக்காமல், ‘சமையலறை என் அடுப்பு அகலம்கூட இல்லையே’ என்று சொல்லப் போக, அவன் எல்லோர் முன்னாலும், ‘மாமாவுக்கு உடம்பு பூரா கொழுப்பு. வயித்துல கொஞ்சம், வாயில மிச்சம்’ என்று சொல்லிவிட்டான். சபையே சிரித்தது. கை கழுவ எழுந்த மாஸ்டர் அப்படியே வெளியே போனவர்தான், அதன் பிறகு அவன் வாசலை மிதிக்கவில்லை.

“அந்த ஒத்தை வார்த்தைக்காகத்தானே இவ்வளவும்?” என்றாள். “தொந்தியைக் கரைச்சுட்டு அவன் முன்னாடி போய் நிமிர்ந்து நிக்கணும். அதானே ரோஷம்? நீங்க இளைச்சு முடிக்கிற வரைக்கும் அவன் இருப்பானான்னு யோசிச்சீங்களா?”

“அப்படியெல்லாம் பேசாதே.”

“பேசுவேன். அவனுக்கு வாய்தான் நீளம்ங்க, மனசுல ஒண்ணும் கிடையாது. நேத்துகூட ‘மாமா வந்தாரா’ன்னுதான் கேட்டான். ‘வருவாரு’ன்னு பொய் சொல்லிட்டு வந்தேன். ஒரு நடை வந்து தலையைக் காட்டினா உங்க கௌரவம் குறைஞ்சிடுமா?”

மாஸ்டர் தண்ணீர் குடித்தார். அவள் விடவில்லை.

“காலையில கடைக்குக்கூடப் போகலையாமே. எங்கே போனீங்க, இடுப்பை அளக்கவா?”

“அளக்கத்தான் போனேன்.”

“குறைஞ்சிருக்கா?”

“குறைஞ்சிருக்காம். இது போதும்னு சொல்லிட்டாங்க.” தட்டைத் தள்ளி வைத்தார். “நாளைக்கு நானும் உன்கூட ஆஸ்பத்திரிக்கு வரேன்.”

“இளைச்சதை அவனுக்குக் காட்டவா?”

“இல்லை. அங்கே நீ ஒரு கையெழுத்துப் போடணும். பொண்டாட்டி சம்மதம் இல்லாம முடியாதாம்.”

“எதுக்குச் சம்மதம்?”

மாஸ்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “முன்னாடியே சொல்லி ஆசை காட்டிட்டு, அப்புறம் நடக்காமப் போனா நீ தாங்க மாட்டே. அவனைப் பார்க்க வந்தா என் மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும். அதான் வரலை” என்றார்.

“என்ன சொல்றீங்க?”

“உன்னைத் திருப்பி அனுப்பின மறுநாளே நானும் போனேன். ரத்தம் சேர்ந்துச்சு, ஆனா ஈரல்ல கொழுப்பு மண்டிக் கிடக்கு, இதை வெட்டினா ரெண்டு உசுருக்கும் ஆபத்துன்னு டாக்டர் முடியாதுன்னுட்டார். இன்னைக்குத்தான், ‘இப்ப உங்க மச்சினனுக்குக் கொடுக்கலாம்’னு சொன்னார்.”