கை நடுக்கம்

மூன்று சீட்டையும் எடுத்து விரித்ததும் தமிழழகனின் கை நடுங்கியது. ஆதிமூலத்துக்கு அது ஒன்றே போதும்.

புதுசாக ஆட வருகிறவனுக்கு மட்டமான சீட்டு வந்தால் முகம் தொங்கும், நல்ல சீட்டு வந்தால் கை நடுங்கும். காலமெல்லாம் மூணு சீட்டு ஆடி ஊரான் சொத்தை ஏப்பம் விட்ட மனுஷனுக்கு இதுகூடத் தெரியாதா?

கரியாலூருக்கு மேலே மலைச்சரிவில், முழங்கால் உயரம் வளர்ந்த மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் ஆதிமூலத்தின் கொட்டகை. வாசலை ஒட்டி ஒரு ஓடை. அந்த ஓடையின் தலைப்பில், புதர் மறைவில், ஆதிமூலத்தின் சாராய ஊறல் பேரல் பேரலாகப் புதைந்து கிடந்தது. மலைக்கே தெரிந்த விஷயந்தான், வெளியே சொல்லத்தான் ஆளில்லை. சொல்லப் போன ஒருத்தன் இன்றைக்கும் இடது கையால்தான் சோறு தின்கிறான்.

தமிழழகனின் மச்சினன் இளவரசன் அந்தச் சாராயத்தைக் குடித்துத்தான் பங்குனியில் செத்தான். ஆதிமூலமே ஆளுயர மாலையோடு எழவுக்குப் போய், "இன்னா பண்றது, விதி" என்று சொல்லிவிட்டு வந்தான். அந்தத் தமிழழகன் ஆடி பிறந்ததும், "எனக்கும் சீட்டு கத்துக் குடுண்ணே" என்று வந்து நின்றான். மானங்கெட்டவன் என்று ஆதிமூலம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

சிரித்துவிட்டுக் கற்றும் கொடுத்தான். "நல்ல சீட்டு வந்தா ஒரேயடியா கொட்டிடாத. எதிராளி பயந்து எழுந்துக்குவான். கொஞ்சம் கொஞ்சமா கட்டி அவன உக்கார வெச்சிக்கினே இரு."

நல்ல மனசோடு சொன்னதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இவன் கட்டினால் கையில் நல்ல சீட்டு என்று தெரிந்துகொள்ளலாமே, அதற்காக.

இன்றைக்கு வரம்பில்லாத ஆட்டம். தமிழழகனின் மடியில் ஆடு விற்ற காசு, வாசலில் பைக். இரண்டும் போனால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது.

"ரெண்டு பேரு ஆடினா களை கட்டாதுண்ணே. நாராயணசாமி அண்ணனையும் கூப்புடு" என்று ஆரம்பத்திலேயே கேட்டான். ஓடைக்கு மேலே பாறையில் உட்கார்ந்து ஆள் நடமாட்டம் பார்ப்பது நாராயணசாமியின் வேலை. இன்னொருத்தன் வந்தால் இன்னும் கொஞ்சம் காசு சேரும் என்று ஆதிமூலம் அவனையும் கீழே கூப்பிட்டுக்கொண்டான்.

ஆதிமூலம் சீட்டைப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒற்றையடிப் பாதையில் பெண்கள் வரிசையாக மேலே ஏறினார்கள். தலையில் கூடை, தோளில் கடப்பாரை. முன்னால் போனவள் தமிழழகனின் மனைவி மலர்விழி, செத்த இளவரசனோடு பிறந்தவள்.

"இன்னாம்மா, ஊரே கெளம்பிட்டீங்க?" என்றான் ஆதிமூலம்.

"கெழங்கு புடுங்கப் போறோங்க" என்றாள், நிற்காமலே.

அப்போதுதான் தமிழழகன் சீட்டை எடுத்தான். அப்போதுதான் கையும் நடுங்கியது.

நாராயணசாமி இரண்டே சுற்றில் சீட்டைக் கவிழ்த்துவிட்டான். ஆதிமூலம் கவிழ்ப்பானா? கள்ளத்தனமாகத் தனக்கே போட்டுக்கொண்ட மூன்று ராஜா கையில் இருந்தது.

தமிழழகன் கட்டினான், கொஞ்சமாக. ஆதிமூலம் ஏற்றினான். தமிழழகன் யோசித்து, மோவாயைச் சொறிந்து, இன்னொரு தரம் சீட்டைப் பார்த்து, மறுபடி கொஞ்சமாகக் கட்டினான். பையன் பாடத்தை நன்றாகத்தான் படித்திருக்கிறான் என்று ஆதிமூலம் மீசைக்குள் சிரித்தான்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மேலே எங்கோ குருவிகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு பறந்தன. ஆதிமூலத்துக்கு மனசில் என்னவோ உறுத்தியது.

"இருடா. ஊறல ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தான்.

தமிழழகன் பைக் சாவியை எடுத்து நடுவில் வைத்தான். "இதையும் கட்டறேண்ணே. ஆட்டத்த முடிச்சிட்டுப் போ."

சாவி பளபளத்தது. ஆதிமூலம் உட்கார்ந்துவிட்டான்.

அதற்கப்புறமும் இழுத்தது ஆட்டம். மடியில் இருந்த கடைசி நோட்டும் நடுவில் விழுந்த பிறகுதான், "ஷோ" என்றான் தமிழழகன்.

ஆதிமூலம் ராஜாக்களை ஒவ்வொன்றாக, ஆசை தீர வைத்தான். தமிழழகன் தன்னுடையதைத் திருப்பினான். ரெண்டு, அஞ்சு, ஒன்பது. இனம்கூடச் சேரவில்லை.

"அடத் தூ! இந்தக் குப்பைக்கா பைக்க கட்டின?" கொட்டகை அதிரச் சிரித்தபடி சாவியை அள்ளினான் ஆதிமூலம்.

நாராயணசாமி சிரிக்கவில்லை. மூக்கைச் சுளித்துக்கொண்டு வாசலுக்குப் போனவன் அங்கேயே நின்றுவிட்டான்.

"அண்ணே, ஓடையப் பாரு."

தெளிந்து ஓடிய தண்ணீர் செம்பழுப்பாக நுரை கட்டி இறங்கியது. புளித்த வெல்லத்தின் நாற்றம் கொட்டகைக்குள்ளும் ஏறியது. உடைந்த பேரல் மூடி ஒன்று கல்லில் இடித்து இடித்து மிதந்து வந்தது.

"முழங்கால் ஒசர செடியில ஏதுண்ணே கெழங்கு?" என்றான் நாராயணசாமி.

ஆதிமூலம் மெல்லத் திரும்பினான். கையிலிருந்த சாவி கீழே விழுந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை. தமிழழகன் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மேட்டிலிருந்து பெண்களின் பேச்சுக்குரல் இறங்கி வருவதைக் காதில் வாங்கிக்கொண்டு, இரண்டு கையையும் முட்டிமேல் வைத்திருந்தான். இப்போது அவை நடுங்கவில்லை.

"நல்ல சீட்டே இல்ல. அப்பறம் எதுக்குடா உன் கை நடுங்கிச்சி?"

"மலர்விழி உசுரோட திரும்பி வரணுமேன்னுதாண்ணே."