குரூப் போட்டோ

ஆலன் நகருக்குப் பக்கத்துப் பண்ணையில் ஹாலோவீன் திருவிழா. பூசணிக் குவியலுக்கு முன்னால் தோழிகள் நால்வரும் ஒரே மாதிரி கறுப்புப் புடவையில் நின்றார்கள். அந்த வழியாக வந்த சூனியக்காரி வேடக்காரியிடம் ஷ்யாமளா போனை நீட்டி, ஆங்கிலத்தில் போட்டோ எடுக்கச் சொன்னாள்.

"பவளம் வரலையாடி?" என்றாள் மானஸா.

"ப்ரோக்ராமே கேன்சல்னு சொல்லிட்டேன். வேலை போன கதையையே சொல்லி அழுவா. எல்லாருக்கும் மூட் அவுட் ஆயிடும்," என்றாள் ஷ்யாமளா.

"பாவம்டி!"

"பாவம்தான். அடுத்த வருஷம் கூப்பிட்டுக்கலாம். நீ ஸ்மைல் பண்ணு."

எல்லோரும் சிரித்தார்கள். படம் எடுத்த சூனியக்காரி, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முகமூடியைக் கழற்றினாள்.

"கேன்சல்னதும் என் பொண்ணு ஒரே அழுகை. அதான் தனியா கூட்டிட்டு வந்தேன்," என்றாள் பவளம். "போட்டோ நல்லா வந்திருக்கு, ஷ்யாமளா."