கம்பின்மேல் தொப்பி

அரிசோனா வெயில் சாய்கிறது. கேமராவுக்குப் பக்கத்தில் கம்பு நட்டு, கிளைட்டின் பழைய தொப்பியை மாட்டியிருக்கிறார்கள். அதன் நிழல் நடிகர் வெண்டலின் பூட்ஸ்வரை நீள்கிறது. முப்பது வருஷமாகப் படத்துக்குப் படம் அவரோடு சேர்ந்து குதிரையேறிய கிளைட் போன வாரம் செத்துப்போனார். கிளைட்டுக்குப் பதில் தொப்பியைப் பார்த்துப் பேசும் வெண்டலின் முகத்தை மட்டும் எடுக்கவேண்டிய காட்சி பாக்கி. கிளைட்டின் வசனத்தை உதவியாளர் டோரிஸ் படிக்கிறாள்: "நான் முன்னாடி போறேன். நீ மெதுவா வா." வெண்டல் தொப்பியையே பார்க்கிறார். "என்னய்யா, வசனம் மறந்துபோச்சா?" என்கிறார் இயக்குநர். "மறக்கல. அவன் இன்னும் துப்பலையே. என் காலடியில புகையிலையைத் துப்பினாத்தான் அவன் பேசி முடிச்சான்னு அர்த்தம்." யாரும் சிரிக்கவில்லை. கேமரா மறுபடி ஓடுகிறது. டோரிஸ் படித்து முடிக்கிறாள். காற்றுகூட இல்லை. வெண்டல் சட்டென்று இடது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். "இதோ வந்துட்டேன்டா."